இஸ்திரிப் பெட்டி உட்காரும் இடம்

திருப்புளி என்பது அவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சிவப்புப் பிடி போட்ட திருப்புளி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுக்காமல் அவனால் யார் வீட்டிலும் பத்து நிமிஷம் உட்கார முடியாது. பேச்சு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். இவன் எழுந்து போய் ஆடுகிற தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு வருவான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனுக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அவன் ஃபிட்டர். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு, கம்பெனிகளின் சீருடைச் சட்டை என்று தினமும் மூன்று லாரி அழுக்குத் துணி வந்து இறங்கும். கீழ்த்தளத்தில் பாய்லரும் துவைக்கும் இயந்திரங்களும். மேல்தளத்தில் இஸ்திரிக்கூடம். கீழே இவன் இருபத்திரண்டு வருஷமாக. மேலே, ஜன்னல் ஓர வரிசையில் மூன்றாவது மேஜையில், இவன் மனைவி பதினான்கு வருஷமாக. அவளுக்குக் காலரக்கா என்று பெயர். அவள் தேய்த்த சட்டைக் காலரைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இஸ்திரிப் பெட்டிக்கு ஆவி கீழே பாய்லரிலிருந்து குழாய் வழியாக வரவேண்டும். அது குறைந்தால் அவள் படிக்கட்டுத் தலைப்பில் வந்து நிற்பாள்.

“என்னங்க, உங்க பாய்லருக்கு இன்னிக்கு ஜலதோஷமா?”

“பாய்லரு நல்லாத்தான் இருக்கு. உன் பெட்டிக்கு வாய் அடைச்சிருக்கும், பாரு. உனக்கு அடைச்சிருந்தா நிம்மதியாப் போயிருக்கும்.”

இரண்டு தளமும் சிரிக்கும். அவர்கள் இருவரும் வீட்டில் பேசிக்கொண்டதைவிட அந்தப் படிக்கட்டில் பேசிக்கொண்டதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. இவனுக்குத் தெரியவந்தது ஒரு காலையில். அவள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குழந்தைகள் குடிப்பது போல. இவன் அதைப் பார்த்துவிட்டான். திருகாணி தளர்ந்திருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது.

“கையைக் காட்டு.”

“ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லாத கையைத்தான் காட்டச் சொல்றேன்.”

வலது கட்டைவிரல் முடிந்து மணிக்கட்டு தொடங்குகிற இடத்தில் வீங்கியிருந்தது. தொட்டதும் அவள் உஸ் என்று இழுத்துக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்த அம்மாள் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மடக்கச் சொல்லி, முஷ்டியைக் கீழ்ப்பக்கமாக மெதுவாகச் சாய்த்தார். அவ்வளவுதான். பதினான்கு வருஷமாகக் கொதிக்கிற ஆவிக்கு நடுவில் முகம் சுளிக்காமல் நின்றவள், ஐயோ என்று கத்திவிட்டாள்.

“இந்த நரம்பு போற வழி வீங்கிப்போய் இறுகிடுச்சு. வெயிட்டைத் தூக்கித் திருப்பி வைக்கிற வேலை இனிமே கூடாதும்மா. இப்படியே விட்டீங்கன்னா ஒரு நாள் கரண்டியக்கூடப் பிடிக்க முடியாது” என்றார் டாக்டரம்மா. லேசான வேலை தரவும் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனிதர் இல்லை. அன்பாகத்தான் பேசினார். மடிப்புப் பிரிவில் ஒரு அம்மாள் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். துண்டும் விரிப்பும் மடித்து அடுக்குகிற வேலை, உட்கார்ந்துகொண்டே செய்யலாம். “உங்க சட்டைக் கணக்கும் கொறஞ்சுகிட்டே வருது. நூத்திப் பத்து போடணும், தொண்ணூறுதான் போடறீங்க. உங்களை அங்க மாத்தறதுதான் எல்லாருக்கும் நல்லது. மூணு மாசம் பொறுத்துக்கங்க” என்றார். அவளுக்கு வேலையை விட வழியில்லை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒருவர் சம்பளத்தில் வண்டி ஓடாது.

ஆக, மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு அந்தக் கையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் போதும். திருப்புளி இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டான். அவன் எடுத்துக்கொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது.

மறுநாள் ஆவிக்குழாயைச் சோதிக்கிற சாக்கில் மேலே போனான். மனைவியின் மேஜைக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

“என்னங்க இது? கல்யாணத்தன்னிக்குக் கூட என்னை இப்படி உத்துப் பாத்ததில்ல.”

“உன்னை யாரு பாத்தா? கையைப் பாக்கறேன். நீ வேலையப் பாரு.”

அடுத்த மேஜையில் நெட்டையக்கா. பெயருக்கு ஏற்ற உயரம். குனிந்து குனிந்து தேய்த்து முதுகு போனவள்; வாய் மட்டும் போகாதவள். “பாரு, பாரு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குதே. நான் வாசல்ல விழுந்து கெடந்தாக்கூடத் தாண்டித்தான் போகும்” என்றாள்.

திருப்புளி எண்ணினான். காலருக்கு ஒரு முறை, தோள்பட்டைக்கு ஒன்று, இரண்டு கைகளுக்கு இரண்டு, முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று. ஆக ஒரு சட்டைக்கு ஏழு தடவை அவள் பெட்டியைத் தூக்கி, மணிக்கட்டைத் திருகி, நிமிர்த்தி நிற்கவைக்கிறாள். துணியைத் திருப்பிப் போடுகிறாள். மறுபடி ஏழு தடவை எடுக்கிறாள். பெட்டி இரண்டரைக் கிலோ. பின்னால் வால் மாதிரி தொங்குகிற குழாயையும் சேர்த்தால் மூன்று. சாப்பாட்டு நேரத்தில் சுவரிலேயே சாக்கட்டியால் பெருக்கிப் பார்த்தான். ஒரு நாளைக்கு நிமிர்த்தி வைப்பது மட்டும் அறுநூற்றுச் சொச்சம் தடவை. கிட்டத்தட்ட இரண்டு டன். தன் பெண்டாட்டி தினமும் ஒரு சின்ன லாரியைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், கீழே பாய்லரைத் துடைத்துக்கொண்டு தான் ஜலதோஷம், வாயடைப்பு என்று வேடிக்கை பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்து, பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினான்.

தூக்கவே கூடாது. அதுதான் வழி. பெட்டியை மேஜையிலிருந்து அப்படியே தள்ளினால், அதே மட்டத்தில், பக்கத்தில் உள்ள ஒரு தட்டில் போய் உட்காரவேண்டும். இழுத்தால் திரும்பி வரவேண்டும்.

கேட்பதற்கு என்ன பிரமாதம் என்று தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும். முதலில் பலகையில் தகரம் அடித்து ஒரு தட்டு செய்தான். கீழே மரம் கருகி, கூடமெல்லாம் புகை. தீயணைக்கும் வாளியோடு சூப்பர்வைசர் ஓடிவந்தார். அடுத்து உடைந்த தரை ஓடு ஒன்றைப் பதித்தான். சூடு தாங்கியது, ஆனால் பெட்டியின் அடியைக் கீறிவிட்டது, அந்தக் கீறல் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது. மூன்றாவது கம்பி வலை. அதில் பெட்டியின் மூக்கு போய் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

“உங்க தட்டுக்கு என் மேல என்னங்க கோவம்?” என்றாள் மனைவி, பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி, வலியில் கண்ணில் தண்ணீரோடு, ஆனாலும் சிரித்துக்கொண்டு.

வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒரு மாதம் சாப்பாட்டுக்குப் பயன்படவில்லை. அட்டையை வெட்டி ஒட்டி மாதிரி செய்வான். அவளை நிற்கவைத்து, முழங்கை உயரத்தை அளப்பான், தோளிலிருந்து விரல் நுனிவரை அளப்பான், பழைய பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்துத் தள்ளச் சொல்வான். அவள் அலுத்துக்கொள்வாள், ஆனால் அந்த நாட்களில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தனக்காக ஒரு மனுஷன் இப்படிப் பைத்தியம் பிடித்து அலைகிறானே என்று நெட்டையக்காவிடம் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டாள்.

கடைசியில் பாய்லர் மூடிக்கு வைக்கிற, சூடு தாங்கும் ரப்பர்த் தகட்டில்தான் விடை கிடைத்தது. இரும்புத் தட்டு; அதன்மேல் அந்த ரப்பரில் இரண்டு நீளப் பட்டைகள். பெட்டி பட்டைகள்மேல் வழுக்கிப் போகும். பின்பக்கம் ஒரு விரல்கடை பள்ளமாகச் சரிவு. அதனால் தானாக முன்னால் நழுவி வராது. ஓரத்தில் ஒரு வரம்பு, கீழே விழாது. தட்டும் மேஜையும் சேருகிற இடத்தை உருட்டித் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். குழாய் சிக்காமல் இருக்க மேலே ஒரு வளையம். வாராந்திர விடுமுறையில் போய் அவள் மேஜையின் வலப்பக்கத்தில் நான்கு போல்ட்டு போட்டு மாட்டினான்.

மறுநாள் காலை இஸ்திரிக்கூடமே அவள் மேஜையைச் சுற்றி நின்றது. அவள் காலரைத் தேய்த்தாள். பெட்டியை லேசாகத் தள்ளினாள். சர்ரென்று போய் உட்கார்ந்தது. இடது கையால் சட்டையைத் திருப்பினாள். இழுத்தாள். வந்தது.

“பாத்தியா? கையை எடுக்கவே வேணாம்! பிடிய விடாமலே வேலையப் பாத்துக்கிட்டே போலாம்!” என்று திருப்புளி பெருமை தாங்காமல் கூவினான். இந்த வாக்கியத்தை அவன் பின்னால் எத்தனை தடவை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. திருகுகிற வலி இல்லை என்றாள். தொண்ணூறு சட்டை நூற்றுப் பதினைந்து ஆனது. இரண்டாவது வாரம் நூற்று முப்பது. மற்றப் பெண்கள் வந்து, “அண்ணே, எங்களுக்கும் ஒண்ணு மாட்டிவிடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினார்கள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சூப்பர்வைசருக்கும் புரியவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று நேரம் குறித்தார்கள். தட்டைப் படம் எடுத்தார்கள், திருப்புளியை அதன் பக்கத்தில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். அந்தப் படம் சட்டம் போட்டு அறிவிப்புப் பலகைக்கு மேலே ஏறியது. வெளிப் பட்டறை ஒன்றில் அதே அளவில் தட்டுகள் செய்யச் சொல்லி, பன்னிரண்டு மேஜையிலும் வெல்டிங் வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். இவன் கையால் செய்த தட்டைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு அவள் மேஜையிலும் புதியதுதான். அதற்கு அடுத்த வாரம், படத்துக்குக் கீழே, ஒரு தாள் ஒட்டினார்கள். இனி ஒரு நாளைக்கு ஆளுக்கு நூற்று நாற்பது சட்டை.

“ஏண்ணே, உங்களை யாருண்ணே கேட்டா?” என்றாள் நெட்டையக்கா. சில வாரங்களுக்கு முன்னால் புண்ணியம் என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. அதைச் சுட்டிக்காட்டுகிற துணிச்சல் இவனுக்கு வரவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. மடிப்புப் பிரிவு அம்மாளுக்கு மாலை மரியாதை செய்து அனுப்பினார்கள். மறுநாள் சூப்பர்வைசர் மாற்றலுக்கு உரியவர் பெயரைச் சொன்னார். நெட்டையக்கா.

திருப்புளியின் மனைவி டாக்டரம்மாவின் சீட்டை மறுபடி எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினாள். அவர் அதே அன்போடுதான் பேசினார். “எப்படிம்மா உங்களை விடறது? கூடத்துலயே நீங்கதான் முதல். நூத்தி நாப்பத்திரண்டு போடறீங்க. அந்த அம்மாவுக்கு நூறு தாண்டல. கை வலின்னா எப்படிம்மா நூத்தி நாப்பத்திரண்டு போட முடியும்? நீங்களே சொல்லுங்க.”

கையைக் காட்டினாள். அவர் பார்த்தார். பாவம்தான் என்றார். அடுத்த இடம் காலியாக இரண்டு வருஷம் ஆகும் என்றார்.

நெட்டையக்கா போகிறபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் கேக்கலடி. சத்தியமாக் கேக்கல” என்றாள். உண்மைதான், அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இருவரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் வலது கையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இவன்தான் பேச்சைத் தொடங்கினான்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தூக்கறது நின்னுபோச்சு. திருகறது நின்னுபோச்சு. அப்புறம் ஏன் வலி அதிகமாகுது?”

அவள் ஈரத்துணியைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து பாத்தீங்களே. பெட்டிய நிமித்தி வெச்சிட்டு நான் என்ன பண்ணுவேன்னு பாத்தீங்களா?”

“துணியைத் திருப்புவ.”

“அதுக்கு முன்னாடி.”

இவனுக்கு நினைவு வரவில்லை. அவன் பெட்டியைத்தான் எண்ணினான்.

“கையை எடுத்துருவேங்க. பெட்டி தானா நிக்குமில்ல? கையை எடுத்து ரெண்டு உதறு உதறுவேன். இடுப்புல வெச்சுத் தொடைப்பேன். ஜன்னல் வழியா ஒரு பார்வை பாப்பேன். அப்புறம் ரெண்டு கையாலயும் துணியத் திருப்புவேன். அம்புட்டுதான். ரெண்டு விநாடி, மூணு விநாடி. யாரும் கேக்க முடியாது. பெட்டிய வெக்கணுமே, வெச்சாத்தானே துணியத் திருப்ப முடியும்? இப்ப வலது கை பிடியவிட்டு வர்றதே இல்ல. காலைல எட்டு மணிக்குப் பிடிச்சா டீ குடிக்கற வரைக்கும் பிடிதான். விரலு பிரியமாட்டேங்குது, ஒவ்வொண்ணா இந்தக் கையால பிரிச்சு எடுக்க வேண்டியிருக்கு.”

“ஏன், இப்பவும் விட்டு விட்டுப் பிடிக்கலாமே?”

“நூத்தி நாப்பதுங்க” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். அறுநூற்றுச் சொச்சம் தடவை, ஒவ்வொன்றும் மூன்று விநாடி. அரை மணி நேரம். யாரும் கொடுக்காத, யாராலும் பறிக்க முடியாத அரை மணி நேரத்தை அவள் ஒரு நாளுக்குள் துளித்துளியாக ஒளித்து வைத்திருந்தாள். அதைத் தேடிக் கண்டுபிடித்து, ரப்பர்ப் பட்டை போட்டு, வழவழவென்று தேய்த்து, கம்பெனியிடம் ஒப்படைத்தவன் அவள் புருஷன். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன் அழுதான். அவள் இடது கையை நீட்டி அவன் முதுகைத் தடவினாள், “விடுங்க, தெரிஞ்சா பண்ணினீங்க” என்று.

மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசர் அறைக்குப் போனான்.

“சார், அந்தத் தட்டை எடுத்துருங்க சார்.”

“எதை?”

“நான் கண்டுபிடிச்சது சார். அதுல தப்பு இருக்கு.”

அவர் பதறிப்போனார். “என்ன தப்பு? சூடு ஏறுதா? வெல்டிங் விட்டுப்போச்சா?”

“அதெல்லாம் இல்ல சார். அது... ரொம்ப நல்லா வேலை செய்யுது சார்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு திருப்புளி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கை ஓய வேண்டும், பிடி விடவேண்டும், மூன்று விநாடி. கேட்டுவிட்டு, “ஓய்வுக்குத்தான் டீ டைம் இருக்கே, சாப்பாட்டு டைம் இருக்கே” என்றார். “கணக்கு நான் போட்டதில்ல. மேல போட்டது. உங்க கிளைல முடியுது, மத்த கிளைல ஏன் முடியாதுன்னு கேட்டு எல்லா ஊருக்கும் தட்டு அனுப்பிக்கிட்டிருக்காங்க. இப்பப் போய்த் தட்டு வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? என் வேலை போயிரும்ப்பா.” அதுவும் உண்மையாகத்தான் இருந்தது. எல்லோரும் உண்மையையே பேசினார்கள். அவனுக்கு முட்டிக்கொள்ள ஒரு சுவர்கூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு வாரம் அவன் சாப்பாட்டு மேஜையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தான். கையை விடவைக்கிற மாதிரி ஒரு தட்டு. பெட்டி போய் உட்கார்ந்தால் மூன்று விநாடிக்குத் திரும்பி வராத மாதிரி, ஆனால் பார்ப்பவர்களுக்குத் தெரியாத மாதிரி. இருபத்திரண்டு வருஷமாக, நிற்கிறதை ஓடவைத்தே பழகியவன் அவன். ஓடுகிறதைக் கொஞ்சம் நிறுத்திவைக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. கோடு போடுவான், அழிப்பான். எப்படிப் போட்டாலும் கடைசியில் பெட்டி இன்னும் சுலபமாகத்தான் வழுக்கியது. தாளைக் கசக்கி எறிந்தான்.

அவள் கை மோசமாகிக்கொண்டே போனது. முதலில் குழாயைத் திருகமுடியவில்லை. இவன் குழாய்க்கு நீளமான பிடி செய்து போட்டான். டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. அதற்கு ஒரு பட்டை செய்தான். தலை பின்ன முடியவில்லை. அதற்கு என்ன கருவி செய்வது? இவனே பின்னிவிட்டான். கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி, முனையில் ஒரு முடிச்சும் போட்டுவிடுவான்.

“பின்னல் விட்ட மாதிரி இல்லீங்க. கிணத்துக்குள்ள மோட்டாரைக் கட்டி இறக்கற மாதிரி இருக்கு” என்பாள். அப்போதும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிறபோது அவனுக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கும்.

ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு, முதுகுப் பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கட்டைவிரல் பிடியிலிருந்து தானாகக் கழன்று தொங்கிவிட்டது. மடக்கச் சொன்னால் மடங்கவில்லை. டாக்டரம்மா, அறுவை செய்யலாம், செய்தாலும் பழைய கை வராது, எப்படியும் வலது கை இனி பெட்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்து நாள் விடுப்பு கொடுத்தார்கள்.

அந்தப் பத்து நாளில் திருப்புளி வேலையிலிருந்து ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். உள்ளே உஸ் உஸ்ஸென்று சத்தம். அவள் சாப்பாட்டு மேஜையில் போர்வையை விரித்து, அவனுடைய பழைய சட்டை ஒன்றை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு. காலர் கோணலாக இருந்தது. பக்கத்தில் ஏற்கெனவே தேய்த்த நாலைந்து சட்டைகள் கிடந்தன. காலையிலிருந்து திரும்பத் திரும்ப இதே சட்டைகள்தான் என்று அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. தேய்த்ததையே நனைத்துக் கசக்கி மறுபடி தேய்த்திருக்கிறாள்.

“என்ன பண்ற நீ?”

“சூப்பர்வைசரு போன்ல கேட்டாருங்க. இடது கைல வருமான்னு. வந்தா வெச்சுக்கறேங்கறாரு. வரலைன்னா கணக்கை முடிச்சுக்கச் சொல்றாரு.”

“வேணாம். வேணாம்மா. இந்தக் கையும் போயிரும்.”

“அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? சொல்லுங்க, செய்யறேன்.”

அவன் வாயைத் திறந்தான். வீட்டில் ஆடாத தாழ்ப்பாள்களையும் சொட்டாத குழாய்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவள் திரும்பிக் காலரைத் தேய்த்தாள்.

அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், கீழ்த்தளத்துக்கு ஒரு வேலைச்சீட்டு வந்தது. மூன்றாம் மேஜை, தட்டை வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கத்தில் மாற்றவும். சூப்பர்வைசரே கீழே இறங்கி வந்து, “அவங்க கஷ்டப்படக்கூடாதுன்னுதான் சொன்னேன். தட்டு இல்லாம இடது கையால தூக்கித் தூக்கி வெச்சா பாவம், ரொம்ப நேரம் ஆகும்” என்றார். அவர் முகத்தில் நிஜமான கரிசனம் இருந்தது. தட்டு இல்லாமல் அவளால் நூற்று நாற்பதில் பாதிகூடப் போட முடியாது என்பதும், பாதி போடுகிறவளை வைத்திருக்க மாட்டார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும்.

மகளின் விடுதிக்குச் சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பிய அவன் மனைவி, வழியில் சலவைக்கூடத்துக்கும் வந்துவிட்டாள். சும்மா வரவில்லை, தட்டின் உயரம் சரிபார்க்க ஆள் வேண்டுமே என்று வந்தாள். கூடம் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தது. இவன் வலப்பக்கத்துப் பற்றுகளை அறுத்துத் தட்டைப் பெயர்த்தான். இடப்பக்கத்தில் துளை போட்டான். அவள் மேஜைக்கு முன்னால் நின்று இடது கையைப் பெட்டியில் வைத்தாள்.

“கொஞ்சம் கீழ. இல்லீங்க, ரொம்பக் கீழ போச்சு. ஆங், அங்கதான்.”

அவன் குனிந்து, மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தான். அவள் செருப்பு போட்ட கால்கள் இரண்டும் அவன் முகத்துக்கு அருகில் இருந்தன. மூன்று போல்ட்டை முடுக்கினான். நான்காவதில் கை நின்றது. இதை ஒரு சுற்று குறைவாக விட்டால் போதும். நாளைக்கு இல்லாவிட்டாலும் நாலு நாளில் தட்டு ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பெட்டி சரியாகப் போய் உட்காராது, சட்டை குறையும், வேலை கெடும், இந்தக் கையாவது தப்பிக்கும். தன் கையால் செய்த வேலை கெட்டுப்போக வேண்டும் என்று அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டான்.

“என்னங்க, ஆச்சா?” என்று மேலேயிருந்து கேட்டாள்.

தட்டு சரிந்தால் பெட்டி விழும். கொதிக்கிற பெட்டி, மூன்று கிலோ. விழுந்தால் நேரே இந்தக் கால்மேல்தான் விழும்.

“ஆச்சும்மா” என்றான்.

நான்காவது போல்ட்டையும் இறுகும் மட்டும் முடுக்கினான். எழுந்து வந்து தட்டை இரண்டு கையாலும் பிடித்து, தன் பலம் முழுவதையும் கூட்டி ஆட்டிப் பார்த்தான். அது இம்மிகூட அசையவில்லை.